கோட்டையில் ஒரு சத்திரம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

ஸ்பெயின் நாட்டில் அரசாங்கமே விடுதிகள் நடத்துகிறது. அவற்றுள் பல பழைய கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் துறவியர் மடங்களிலும் நடைபெறுகின்றன. அந்நாட்டார் அவற்றைப் 'பரதோர்' என்று அழைக்கின்றனர். 'பரார்' என்னும் வினைச்சொல்லுக்கு நிற்றல், தங்குதல் என்று பொருள். எனவே பரதோர் என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடமாகும். நம் மொழியில் சத்திரம் என்ற சொல்லே இதற்கு அருகில் வருகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. சத்திரம் கட்டிய நம் முன்னோர் வழிப்போக்கரிடம் காசு வாங்கவில்லை. பரதோரில் ஓரிரவு தங்குவதற்கான வாடகையோ நம்மில் பலருடைய வீட்டு மாத மளிகைச் செலவை விஞ்சிவிடும்.

அத்தகைய விடுதிகளுள் ஒன்றான ஓரோபேசாவை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன். பாழாக வேண்டிய கட்டடம் எவ்வாறு பிழைத்தது? அதன் மேசையில் என்ன பரிமாறப்படுகிறது? அதற்கு இட்ட பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது? நான் அவ்வூரைக் கண்டவன் அல்லன். படித்து அறிந்த செய்திகளும், வகுப்பில் கற்ற வேதியியலும், வீட்டில் கேட்ட சில சொற்களுமே எனக்கு மூலதனம்.

எண்ணம் பிறந்த கதை

1911ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசு சுற்றுலாவுக்கென ஓர் ஆணையரை நியமித்தது. வேகா இன்க்லான் என்னும் பிரபு அப்பதவியை ஏற்றார். அக்காலத்தில் அந்நாட்டின் உட்பகுதிகளில் பயணம் செய்வோருக்கு நல்ல படுக்கையும் உணவும் கிடைப்பது அரிது. ஆதாயம் இல்லாத இடத்தில் தனியார் விடுதி கட்ட மாட்டார்கள். ஆகவே அரசே கட்டட்டும் என்றார் அவர். இதன் பயனாக மாட்ரிட் நகருக்கு மேற்கேயுள்ள கிரேதோஸ் மலையில் 1928ஆம் ஆண்டு மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ முதல் பரதோரைத் திறந்து வைத்தார். அது புதிதாகக் கட்டிய கட்டடம். அதற்குப் பிறகுதான், நாடெங்கும் கேட்பாரற்றுக் கிடக்கும் பழங்கட்டடங்களையே விடுதிகளாக்கலாமே என்ற எண்ணம் செயலுக்கு வந்தது. 1930இல் ஓரோபேசா திறக்கப்பட்டது. வரலாற்றுச் சின்னம் ஒன்றில் அமைந்த முதல் பரதோர் என்று இதனையே குறிப்பிடுகின்றனர். 1931இல் சியுதாத் ரோத்ரிகோ கோட்டையும், 1933இல் மெரிதா நகரின் மடமும் தொடர்ந்தன.

பிறகு 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர். போருக்குப் பின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி. 1960களில் வெளிநாட்டுப் பயணிகளின் பணத்தை நாடிய அவ்வாட்சி பரதோர்களைப் பெருமளவில் பெருக்கியது. 1991இல் இவை அனைத்தும் அரசுக்கு முழுவதும் சொந்தமான ஒரு நிறுவனத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. இன்று நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் அவை இயங்குகின்றன. அண்டை நாடான போர்ச்சுகலும் இதேபோல் அரசு விடுதிகளைத் தொடங்கியது. ஆனால் 2003இல் அவற்றின் நிருவாகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்துவிட்டது. ஸ்பெயின் அவ்வாறு செய்யவில்லை. 2012இல் கடும் நிதி நெருக்கடி வந்தபோது ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. பரதோர் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நெருக்கடிக்குப் பிறகும் நிறுவனம் அரசிடமே இருக்கிறது. அரசுக் கல்லூரியில் படிக்கும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சியைத் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஓரோபேசா

மாட்ரிட்டிலிருந்து மேற்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில் தொலேதோ மாகாணத்தின் ஓரத்தில் உள்ள சிற்றூர் ஓரோபேசா. வடக்கே நோக்கினால் கிரேதோஸ் மலைத்தொடர். பக்கத்து ஊரான லகார்த்தேரா பெண்களின் பூத்தையலுக்குப் பேர்போனது. தெற்கேயுள்ள புவென்தே தெல் அர்சோபிஸ்போவும் கிழக்கேயுள்ள தலவேராவும் மண்பாண்டத்துக்கும் வண்ண ஓட்டுக்கும் பெயர் பெற்றவை. அவ்விரண்டு ஊர்களின் மண்பாண்டக் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2019இல் தன் பட்டியலில் சேர்த்தது.

ஊரின் மேட்டில் இரண்டு கட்டடங்கள் ஒட்டி நிற்கின்றன. ஒன்று 14, 15ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்ற பழைய கோட்டை. மற்றொன்று அதன் அருகே ஓரோபேசாவின் பிரபுக்கள் பின்னர் எழுப்பிய அரண்மனை. பீரங்கி வந்த பிறகு உயர்ந்த மெல்லிய மதில்களால் பயனில்லாமற் போயிற்று. 1561இல் அரசவை மாட்ரிட்டில் நிலைபெற்ற பின்னர், செல்வாக்கு வேண்டிய பிரபுக்களும் தலைநகரை நாடினர். ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன நேருமோ அதுவே கோட்டைக்கும் நேர்ந்தது. முதலில் கூரையில் ஓர் ஓடு நகரும். பிறகு உத்தரம் நனையும். உத்தரம் இற்று விழும்போது தன்னைத் தாங்கிய சுவரையும் இழுத்துக்கொண்டு விழும். அதன்பின் ஊரார் தம் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் கல் எடுத்துச் செல்வார்கள். ஸ்பெயினில் எத்தனையோ கோட்டைகள் இவ்வாறே கரைந்து போயின. 1949இல்தான் அந்நாட்டுக் கோட்டைகள் அனைத்துக்கும் பாதுகாப்பு அளிக்கும் ஆணை பிறந்தது. ஓரோபேசா அதற்குப் 19 ஆண்டுகளுக்கு முன்பே விடுதியாகிவிட்டது.

இங்கு நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுண்டு. படுக்கையறைகளையும் குளியலறைகளையும் பழைய கோட்டைக்குள் திணிக்காமல், விடுதியை அரண்மனைப் பகுதியில் அமைத்தனர். கோட்டை தனியே நிற்கிறது. விடுதியில் தங்காதவரும் அதனைக் காண முடிகிறது. கோட்டைச் சுவரில் குழாய் பதிக்க வேண்டுமானால் கல்லைக் குடைய வேண்டும். சமையற்கூடம் வைத்தால் நீராவியும் எண்ணெய்ப் புகையும் வெளியேற வழி திறக்க வேண்டும். ஒவ்வொரு விருந்தினரும் நாள்தோறும் குளிக்கும் நீர், பல நூறு ஆண்டுகள் நீரையே காணாத சுவரின் ஊடே ஓட வேண்டும். விடுதித் தொழிலின் பெரும் எதிரி ஈரம். பழங்கட்டடத்தின் எதிரியும் அதுவே.

சுண்ணாம்பும் சிமெண்டும்

இவ்விடத்தில் வேதியியல் மாணவன் சற்று நின்று பேச இடம் தர வேண்டும். பழைய கோட்டைகளின் கற்களை இணைத்து நிற்பது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக்கல்லாகிய கால்சியம் கார்பனேட்டை ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். அதில் நீரை ஊற்றினால் கொதித்து நீறும். அதுவே கால்சியம் ஹைட்ராக்சைடு. மணலுடன் குழைத்துச் சுவரில் இட்ட பிறகு, அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. கல்லிலிருந்து புறப்பட்டது கல்லாகவே வீடு திரும்புகிறது. தடித்த சுவரின் உட்பகுதியில் இவ்வினை முடிய ஆண்டுகள் பல ஆகும்.

1824இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டு இதிலிருந்து வேறுபட்டது. நீருடன் வினைபுரிந்து விரைவில் இறுகும், மிகுந்த கடினம், நுண்துளைகள் வழியே நீராவி கடந்து செல்வதும் மிகக் குறைவு. புதுக் கட்டடத்துக்கு இவை நற்குணங்கள். பழங்கட்டடத்துக்கோ இவையே தீங்காகின்றன. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரையின் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். மேலே சிமெண்டு பூசினால் அவ்வழி அடைபடும். ஈரம் கல்லின் வழியே வெளியேறப் பார்க்கும். சிமெண்டிலுள்ள சல்பேட்டு முதலிய உப்புகளும் அதனுடன் சேரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகும். படிகம் வளரும்போது கல்லின் மேற்பரப்பைப் பொரித்துத் தள்ளும். காரை கெட்டால் மறுபடியும் காரை பூசலாம். கல் கெட்டால் என் செய்வது?

என் தந்தையார் கொத்தனார். பழைய காரைச் சுவர்மேல் சிமெண்டு பூசச் சொல்லிக் கேட்போரிடம் அவர் முதலில் மறுத்துப் பார்ப்பார். "உள்ளே ஈரம் நின்னா பூச்சு நிக்காதுங்க, நாலு மழைக்குத்தான் வரும்" என்பார். அவர்கள் வற்புறுத்தினால் பூசித் தருவார், கூலி வேண்டுமே! சொன்னபடியே சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். என் பாட்டனார் காலத்தில் சுண்ணாம்பைச் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் காரை செய்ததை அவர் கண்டிருக்கிறார். நான் வகுப்பில் படிக்கும் கார்பனேட்டு வினையின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் அவ்வினை எத்தனை நாளில் எவ்வளவு தூரம் நடக்கும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். உலகெங்கும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பழங்கட்டடங்களைச் செப்பனிட்ட பொறியாளர் பலர் சிமெண்டையே நம்பினர். பின்வந்தோர் அதனைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூச வேண்டியதாயிற்று.

புதியதற்கு முதுமை வேடம்

1964இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் பழங்கட்டடப் பாதுகாப்புக்கு ஒரு சாசனம் வகுத்தனர். சமுதாயத்துக்குப் பயன்படும் ஒரு வேலைக்குக் கட்டடத்தை உட்படுத்துவது அதன் பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் அதன் அமைப்பை மாற்றலாகாது. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும். இட்டு நிரப்பிய பகுதி, பழையதினின்று வேறென அறியக்கூடியதாக இருக்க வேண்டும். சாசனத்தின் சாரம் இதுவே.

இச்சாசனம் பிறந்த மறு ஆண்டே, அதாவது 1965இல், தெற்கு ஸ்பெயினின் ஹயேன் நகரில் சாந்தா கத்தலீனா குன்றின்மேல் ஒரு பரதோர் திறக்கப்பட்டது. குன்றின்மேல் உண்மையான பழங்கோட்டை உள்ளது. விடுதியோ அதன் அருகே புதிதாகக் கட்டியது. பழங்கோட்டையைப் போலவே கல் முகமும், உயர்ந்த வளைவுகள் தாங்கும் கூடமும் அமைத்தனர். அதற்கு இடம் செய்ய, அங்கிருந்த இன்னும் பழைய அரண் ஒன்றின் எச்சங்களை இடித்தனர். பழமையின் எச்சத்தை அழித்துப் பழமை போன்ற ஒன்றைக் கட்டினர்! அக்கூடத்தில் அமர்ந்து அருந்துவோர் தாம் பழங்கால வீரர்களின் மண்டபத்தில் இருப்பதாக எண்ணிக் கொண்டால் அவர்கள்மீது குற்றமில்லை. இதனோடு ஒப்பிட்டால் ஓரோபேசாவைச் செய்தவர்கள் நாணயமாக நடந்துகொண்டார்கள் என்பேன். பிரபுவின் வீடு வீடாகவே இருக்கிறது. கோட்டை கோட்டையாகவே நிற்கிறது.

வைசிராயின் பெயர்

ஓரோபேசா விடுதி நெடுங்காலம் 'வைசிராய் தொலேதோ' என்ற பெயரால் வழங்கியது. பிரான்சிஸ்கோ தே தொலேதோ அவ்வூர்ப் பிரபுவின் இளைய மகன்களுள் ஒருவர். 1515இல் அங்கே பிறந்தவர். 1569 முதல் 1581 வரை தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் ஸ்பெயின் மன்னரின் வைசிராயாக இருந்து ஆண்டார். திறமையான நிருவாகி என்பதில் ஐயமில்லை. அத்திறமை என்ன செய்தது என்பதையும் காண்போம்.

இன்றைய பொலிவியாவில் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் பொத்தோசி என்னும் வெள்ளிமலை உண்டு. 1545இல் அங்கு வெள்ளி தோண்டத் தொடங்கினர். கால் நூற்றாண்டுக்குள் உயர்தரத் தாது தீர்ந்து, சூளையில் உருக்கினால் கட்டுப்படியாகாத மட்டத் தாதுவே மிஞ்சியது. தொலேதோ இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, மெக்சிகோவில் 1550களில் கண்டறிந்த பாதரச முறையைப் பொத்தோசிக்குக் கொணர்ந்தார். அரைத்த தாதுவுடன் உப்பும் பாதரசமும் நீரும் சேர்த்துப் பல நாள் கலக்க, வெள்ளி பாதரசத்தோடு சேர்ந்து இரசக் கலவையாகும். அதனைச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் போக, வெள்ளி தங்கும். பாதரசத்தின் கொதிநிலை 357 பாகை. அறை வெப்பத்திலேயே அதன் ஆவி நஞ்சு. ஆய்வகத்தில் வெப்பமானி ஒன்று உடைந்தால் நம் விரிவுரையாளர் எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுச் சாளரங்களைத் திறக்கிறார். பொத்தோசியில் அக்கலவையை மக்கள் வெறுங்காலால் மிதித்தனர்.

மற்றொன்று ஆள் சேர்ப்பு. இன்கா மன்னர் காலத்தில் 'மித்தா' என்ற முறைவேலை வழக்கம் இருந்தது. தொலேதோ அதனைச் சுரங்கத்துக்குத் திருப்பினார். குறிப்பிட்ட மாகாணங்களில் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர், ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர், முறை வைத்துப் பொத்தோசிக்குப் போக வேண்டும் என்று விதித்தார். குடும்பத்தோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து சென்றவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. 1572இல் இன்கா மரபின் கடைசி அரசரான தூப்பாக் அமாருவை குஸ்கோ நகரச் சதுக்கத்தில் தலை வெட்டச் செய்தவரும் இதே தொலேதோதான்.

ஒரு விடுதி தன் ஊரில் பிறந்த பெரிய மனிதரின் பெயரை வைத்துக்கொள்வது இயல்பு. அதற்காக நான் சண்டையிடவில்லை. ஆனால் சுவரில் எந்தக் கல் 15ஆம் நூற்றாண்டினது, எந்தக் கல் இருபதாம் நூற்றாண்டினது என்று பிரித்துக் காட்டச் சொல்லும் அறிவுலகம், பெயரிலும் அதே நாணயத்தைக் கேட்க வேண்டாமா? இது ஓரோபேசாவோடு நிற்பதன்று. லியோன் நகரின் சான் மார்கோஸ் மடம் இன்று புகழ்பெற்ற பரதோர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அது பிராங்கோ தரப்பின் சிறைமுகாமாக இருந்தது; ஆயிரக்கணக்கானோர் அங்கு அடைபட்டுக் கிடந்தனர். 1960களில் அதே ஆட்சி அதனை ஆடம்பர விடுதியாக்கியது. அங்கே அடைபட்டவர்களின் பிள்ளைகள் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள் அன்றோ?

மேசை

இனி உணவு. பரதோர்கள் அந்தந்த வட்டாரத்தின் சமையலையே தம் மேசையில் வைப்பதைக் கொள்கையாகக் கொண்டவை. தொலேதோ மாகாணத்தின் பெருமைக்குரிய உணவு, எண்ணெயிலும் காடியிலும் மெல்ல வேகவைத்த கவுதாரி. அது வேட்டையாடிய பிரபுக்களின் உணவு. ஆனால் இவ்வட்டாரத்தில் விரும்பி உண்பவற்றுள் பல ஏழைகளின் அடுப்பிலிருந்து வந்தவை. 'மீகாஸ்' என்பது காய்ந்துபோன ரொட்டியை உதிர்த்து, நீர் தெளித்து, பூண்டும் கொழுப்பும் சேர்த்து வதக்குவது. ஆடு மேய்ப்பவர் வெட்டவெளியில் செய்து உண்டது. இன்று வெள்ளை விரிப்பிட்ட மேசையில், பளபளக்கும் கரண்டியுடன் வருகிறது. பழைய சோறு நட்சத்திர விடுதியில் மண்சட்டியில் வைத்து விலைக்கு வரும் இக்காலத்தில் நமக்கு இது வியப்பாகத் தோன்றாது.

எனக்கு மிகவும் சுவையான செய்தி 'பத்தாத்தாஸ் ரெவோல்கோனாஸ்' என்னும் உணவில் இருக்கிறது. கிரேதோஸ் மலையடிவார ஊர்களில் எங்கும் செய்வது. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, பூண்டும் மிளகாய்த் தூளும் எண்ணெயில் இட்டுக் கலந்து, மேலே பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகள் வைப்பார்கள். அந்த மிளகாய்த் தூள் அருகிலுள்ள லா வேரா பள்ளத்தாக்கில் ஓக் விறகுப் புகையில் பழத்தை உலர்த்தி அரைத்தது. ஊரின் தொன்மையான உணவு என்று சொல்லத் தோன்றும். ஆனால் மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். அவ்வுணவில் உள்ள இரு முக்கியப் பொருள்களும் கப்பலேறி வந்தவையே. நமக்கும் மிளகாயைப் போர்ச்சுக்கீசியர் கொணர்ந்தனர். மிளகை மட்டுமே அறிந்திருந்த நாம் அதற்கு 'மிளகாய்' என்று பெயரிட்டுச் சொந்தமாக்கிக் கொண்டோம்.

உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலையின் பயிர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினை அடைந்தது. ஏறக்குறைய தொலேதோ பெருவை ஆண்ட காலம். அம்மலை மக்கள் அதனைக் கெடாமல் வைக்க ஒரு வழி கண்டிருந்தனர். உறைபனி விழும் இரவுகளில் கிழங்கை வெளியில் பரப்பிவைப்பார்கள். நீர் பனியாக உறைந்து கிழங்கின் அணுச்சுவர்களை உடைக்கும். பகல் வெயிலில் இளகியதும் காலால் மிதித்து நீரை வெளியேற்றுவார்கள். சில நாள் இவ்வாறு செய்து உலர்த்தினால் கல்போன்று எடையற்றதாகி ஆண்டுக்கணக்கில் கெடாது. அதற்குச் 'சூன்யோ' என்று பெயர். உணவை உறையவைத்து உலர்த்தும் முறை ஒன்றை இன்றைய தொழிற்சாலைகளும் கையாளுகின்றன. லாமா என்னும் விலங்கின் முதுகில் மூட்டை மூட்டையாக ஏற்றி அதனைப் பொத்தோசிக்குக் கொண்டு சென்றனர். வெள்ளி தோண்டிய மக்கள் சுரங்கத்தில் உண்டது அதுவே. ஓரோபேசாவின் உருளைக்கிழங்கு மசியலில் சூன்யோ சேர்ப்பதில்லை.